சத்தம் அளந்த நாள்

கிரைண்டரை நிறுத்திவிட்டு ஆர்தர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். ஆய்வகத்திலிருந்து வந்திருந்த சாருலதா தீப்பெட்டி அளவுக் கருவியொன்றை அவர் காலரில், இடது காதுக்குப் பக்கத்தில் மாட்டினாள். மாலை ஐந்து வரை அவர் காதில் விழும் சத்தத்தையெல்லாம் அது அளக்கும். சராசரி தொண்ணூறு டெசிபலைத் தாண்டினால் கம்பெனி அவரைச் சத்தமில்லாத வேலைக்கு மாற்றியாக வேண்டும்.

இதற்காக ஒன்பது மாதமாக மனு மேல் மனு போட்டிருந்தார். ராமச்சந்திராபுரத்து வார்ப்படப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் இரும்பின் பிசிறைத் தேய்த்ததில் ஆர்மோனியச் சுருதி அவருக்குப் பிடிபடாமல் போய்விட்டது. "சும்மா வாயை மட்டும் அசைங்கண்ணே" என்று போலாரம் சர்ச் பாடகர் குழுவில் எல்வின் சொன்ன நாளோடு அங்கே போவதை நிறுத்திவிட்டார். மிச்சமிருக்கிற காதை வைத்துக்கொண்டு திரும்பவும் பாட வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

சாருலதா அடுத்த ஷெட்டுக்குப் போனதும் சூப்பர்வைசர் வெங்கட்ரமணன் வந்தார்.

"ஸ்டோர்ல ஸ்டாக் பாக்க ஆளில்ல. இன்னிக்கு நீ அங்க உக்காரு."

"நக்கோ சார், வேணாம். என் மெஷின்கிட்ட இருந்தாதானே இது..."

"அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற லிஸ்ட் நான்தான் கொடுக்கணும். ஒரு நாள் உக்காந்து வேலை பாருன்னா கசக்குதா?"

ஆர்தர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

ஸ்டோர் கதவைச் சாத்தியதும் பொருமிக்கொண்டே போல்ட்டுகளை எண்ணினார். பத்து மணிக்கு மேல் காதின் ரீங்காரம் அடங்கி, ஃபேன் கிறீச்சிடுவது கேட்டது. மத்தியானம் மனைவி ஹில்டா போன் செய்தாள்.

"ஏன் இவ்வளவு அமைதி? வேலைக்குப் போகலியா?"

"போயிருக்கேன். நீ பேசு."

"என்ன பேசறது?"

"ஏதாவது. மெதுவாவே பேசு, கேக்குது."

தண்ணி லாரி வராததையும் மகள் ஸ்டெஃபியின் இருமலையும் அவள் சொல்லச் சொல்ல, போனைக் காதிலிருந்து எடுக்க அவருக்கு மனமில்லை. அவள் வைத்த பிறகு, பெரிய வெள்ளிக்குப் பாடும் பாட்டைக் கீழ்க்குரலில் பாடிப் பார்த்தார். தன் குரல் தனக்கே கேட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தார். காலரில் பச்சை விளக்கு மினுக்கியது. அந்தப் பாட்டும் அளவில் சேர்ந்துகொண்டிருந்தது.

கருவி நாளெல்லாம் இந்த அமைதியைத்தான் அளந்திருக்கிறது என்று நாலரைக்குத்தான் சுரீரென்று உறைத்தது. பட்டறைக்கு ஓடினார். அவருடைய கிரைண்டரில் வேறொருவன் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் காலரில் எதுவும் இல்லை. ஆர்தர் சக்கரத்தை ஒட்டி, இடது காதை அதன் பக்கம் திருப்பி, ஐந்து மணி வரை நின்றார். பழைய ரீங்காரம் வந்து இரண்டு காதையும் அடைத்தது.

சாருலதா கருவியைக் கழற்றிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உதடு அசைந்தது.

"என்னம்மா?"

"எய்ட்டி சிக்ஸ் அங்கிள். லிமிட்டுக்குள்ளதான்."

"என்னது?"

அவள் அவர் காதருகே வந்து கத்தினாள். "உங்க இடம் சேஃப் அங்கிள்! காதுக்கு ஒண்ணும் ஆகாது!"

அறிக்கையில் ஆர்தர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை வெங்கட்ரமணன் விரலால் தொட்டுக் காட்டினார்.