பெயில் பண்ணத் தெரியாத கம்பெனி

போர்டில் கல்லூரி என்று போட்டிருக்கிறார்கள். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பெரிய டிவி, ஒரு காப்பிக் குடுவை, அவ்வளவுதான். பாடம் டிவியில் வரும். நான் அதைக் கம்பெனி என்றுதான் சொல்வேன். எங்கள் ஊரான ஃபெய்ரா டி சந்தானாவில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டியே கிழவனானவன் நான். காற்றை விற்பவன் யாரென்று எனக்குத் தெரியும்.

வேலைக்குப் போய்க் களைத்தவர்களாகப் பார்த்துத்தான் அது பிடிக்கும். என் மகள் இவொனெட்டி குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மூக்குத் துடைத்தது போதும், டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு டிகிரி கேட்கிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றவள் அவள். அதற்குப் பிறகு தேர்வு என்று காதில் விழுந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எங்கள் நுழைவுத் தேர்வை எழுத வாருங்கள் என்று கம்பெனிப் பையன் க்ளெபர்சன் அவளுக்குத் தினமும் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போன் போடுவான்.

"எடுக்காதே," என்றேன். "அவனுங்க கழுதைக்குக்கூட பாஸ் போடுவானுங்க."

"அப்படின்னா எனக்கு ஏன்ப்பா பயமா இருக்கு? அங்கயும் பெயிலாயிட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வேலைக்குப் போவேன்?"

"இரு. கழுதைய அனுப்பியே காட்டறேன்."

கழுதை நான்தான். சான்றிதழ் எல்லாம் சேரும்போது காட்டினால் போதுமாம். தேர்வு எழுத ஆள் இருந்தால் சரி. மாடி ஏறிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் வாழ்வில் தொழில்நுட்பம் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னது. ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதினேன்:

"நான் பீன்ஸில் கரண்டி வைக்கும் நேரம் பார்த்து உங்கள் பையன் போன் போடுகிறான். தொழில்நுட்பத்தால் நான் கண்ட பலன் இதுதான். என் மகளை விட்டுவிடுங்கள். நீங்கள் திருடர்கள். இதைப் படிப்பவருக்கு வெட்கம் இருந்தால் எனக்குப் பூஜ்யம் போடட்டும்."

படி இறங்குவதற்குள் போன் கிணுகிணுத்தது. "வாழ்த்துகள்! சிறப்பான கட்டுரை. உங்கள் கனவு இன்று தொடங்குகிறது."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். எனக்கு முன்னால் ஒலிபெருக்கிக் கார் எங்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சாவானாலும் சரி, சோப்பு விலை குறைந்தாலும் சரி, எங்கள் பக்கம் அதுதான் சொல்லும். "வால்டொமிரோ பெரியவர் கல்லூரியில் பாஸ்! அவரால் முடிந்தது, உங்களால் முடியாதா?" என்று அது அலறிக்கொண்டிருந்தது. க்ளெபர்சனின் வேலை.

நுழைவுத் தேர்வில் பாஸானவனை எங்கள் ஊரில் சும்மா விடமாட்டார்கள். மொட்டை அடித்து, தலையில் முட்டை உடைத்து, மாவு கொட்டி, சாயம் பூசிவிட்டுத்தான் வீட்டுக்குள் அனுப்புவார்கள். நாவிதன் ஜில்தாசியோ மெஷினோடு ஓடி வந்தான். இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா! நான் அவனுங்களத் திட்டித்தான் எழுதினேன்!"

"பெரியவருக்கு அடக்கத்தப் பாரு!" என்றான் ஜில்தாசியோ. "தலைய ஆட்டாதீங்கண்ணே, பட்டதாரி காது போயிடும்."

"திருடனுங்கன்னு எழுதினேன்டா!"

"அப்போ வக்கீலுக்குப் படிங்க."

முட்டை மூக்கில் வழியும்போது இவொனெட்டி வேலையிலிருந்து வந்தாள். கட்டுரையும் அந்த வாழ்த்தோடு போனுக்கு வந்திருந்தது. போனை அவளிடம் நீட்டினேன். அவள் என் கட்டுரையைச் சத்தமாகப் படித்தாள். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இதுக்கா பாஸ் போட்டாங்க?"

"இதுக்கேதான். இப்பவாவது புரியுதா?"

"புரியுதுப்பா. சனிக்கிழமை நானும் போய் எழுதறேன்."

அவளைத் தடுக்கப் போய், இருந்த பயத்தையும் நானே போக்கிவிட்டேன். என் மொட்டைத் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காவலுக்கு நானும் போனேன். அதே தலைப்பு. யாரோடும் பேசாத ஒரு குழந்தை காப்பகத்தில் இருக்கிறது. உடைந்த போன் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு அதில் மட்டும் பேசுமாம். அதைப் பற்றி மதியம் முழுக்க எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

நாற்காலியை விட்டு எழுவதற்குள் வந்துவிட்டது. "வாழ்த்துகள்! சிறப்பான கட்டுரை."

அவள் முகம் வாடிவிட்டது. க்ளெபர்சன் மட்டும் கை தட்டினான்.

"யார் படிச்சாங்க?" என்று கேட்டாள்.

"சிஸ்டம்க்கா."

"எங்கப்பா திட்டினதப் படிச்ச அதே சிஸ்டமா?"

"ரெண்டுமே சிறப்பான கட்டுரைதான்க்கா. வாங்க, இங்க ஒரு கையெழுத்து."

"என்னப் பெயில் பண்ணு."

"என்னது?"

"பெயில் பண்ணு. இல்ல, மனுஷங்க யாராவது படிச்சுட்டுப் பாஸ் போடட்டும். அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

"பெயிலுக்குப் பட்டனே இல்லையேக்கா!" சத்தியம் செய்வது போலத் திரையைத் திருப்பிக் காட்டினான். உண்மைதான், இல்லை.

ஆள் கை நழுவுகிறது என்று தெரிந்ததும் பக்கத்து அறைக்கு ஓடினான். அங்கே டிவியைப் போடவும் அணைக்கவும் சொராய்டி என்று ஒரு அம்மாளை வைத்திருந்தார்கள். அரசாங்கப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"டீச்சர், இத ஒரு பார்வை பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க."

"பாத்தா சொல்லுவேன். நல்லா இருக்குன்னு சொல்ல முடியுமான்னு பாத்தப்புறம்தான் தெரியும்."

தாளில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் கைப்பையைத் துழாவிச் சிவப்புப் பேனா எடுத்தாள். தாள் கோழி அறுத்த இடம் போல ஆனது.

"இந்த வாக்கியம் எங்கம்மா முடியுது? படிக்கிறவ மூச்சு விட வேணாமா?"

"சரிங்க டீச்சர்."

"அந்தக் குழந்தை போன்ல என்ன பேசுது?"

இவொனெட்டி விழித்தாள். "அத எழுதலைங்க டீச்சர்."

"அடிப் பாவி, அதத்தானே எழுதியிருக்கணும்! பத்துக்கு நாலு. பெயில்."

க்ளெபர்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். "டீச்சர், அவங்க ஏற்கெனவே பாஸ்!"

"உன் மெஷின்கிட்ட பாஸ். என்கிட்ட பெயில். செவ்வாய்க்கிழமை திருப்பி எழுதிட்டு வா பொண்ணே."

கல்யாணத்தன்றுகூட என் மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள். நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பெயிலாயிட்டு எதுக்குடி கையெழுத்து?"

"பெயிலானதாலதான்ப்பா. விடுங்க."

போட்டுவிட்டாள்.

கம்பெனியை நான் இன்னும் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை அவளோடு மாடி ஏறி, அந்த அம்மாள் வந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். வந்திருந்தாள். டிவியை அணைத்துவிட்டு, "குழந்தை என்ன பேசிச்சு, சொல்லு," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.