இருசப்பனின் அறுபத்துநாலு எழுத்து

கள்ளக்குறிச்சியில கோர்ட்டுக்கு எதிர்வரிசையில ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிறவ நான், செந்தமிழ்ச்செல்வி. எனக்கு வாய் ஜாஸ்தி. தெரியாததைக்கூட தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடுவேன். அந்த வாயாலதான் இவ்வளவும் வந்துச்சு, அதனால ஒளிக்காம சொல்லிடறேன்.

புதுச் சட்டம் வந்ததுலேர்ந்து, செல்போன் வீடியோவைக் கோர்ட்ல சாட்சியா வெக்கணும்னா கூடவே ஒரு சர்டிபிகேட் வெக்கணும். அதுல அந்த வீடியோவோட ஹேஷ் நம்பரை எழுதணும். ஹேஷுன்னா ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஒரு ஃபைலை உள்ள விட்டா, எழுத்தும் எண்ணுமா கலந்து அறுபத்துநாலு வெளிய வரும். அதே ஃபைலை எப்ப விட்டாலும் அதேதான் வரும். ஃபைலுக்குள்ள ஒரே ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் வேறயா போயிடும். வீடியோவுக்குக் கைரேகை மாதிரின்னு வெச்சுக்கோங்க.

வக்கீலுங்க இதைக் கேட்டு முழிச்சுக்கினு இருந்தப்ப, "இன்னா சார், இதுக்குப் போயி... நான் போட்டுத் தரேன்"னு சொன்னது நான்தான். காலேஜ்ல படிச்ச பைத்தான் புரோகிராமிங் எதுக்கு இருக்கு? அதோட கூடவே இந்த ஹேஷைப் போட்டுத் தர ஹேஷ்லிப்னு ஒண்ணு வரும், வெளியிலேர்ந்து எதையும் எறக்க வேணாம். பத்து வரியில எழுதிட்டேன். மொதல்ல ஓட்டினப்ப செவப்பு எழுத்துல கத்துச்சு, வெறும் எழுத்தா குடுக்காத, பைட்டா, கம்ப்யூட்டர் படிக்கிற எண்ணா மாத்திக் குடுன்னு. மாத்தறதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. அதைச் சேர்த்தேன், கம்முனு ஆயிடுச்சு. ரெண்டு ஃபைலை விட்டுப் பாத்தேன், வேற வேற நம்பர். ஒரே ஃபைலை ரெண்டு தரம் விட்டேன், ஒரே நம்பர். அப்புறம் இன்னா, கடை வாசல்ல போர்டு மாட்டிட்டேன்.

போன ஆவணியில இசைவாணி வந்தா. வெள்ளிமலையைத் தாண்டி மேல ஒரு ஊரு அவளுக்கு. கூலி வேலை. அவ தம்பி இருசப்பன் டேம் தண்ணியில பொணமா மெதந்து பத்து நாள் ஆகியிருந்துச்சு. குடிச்சிட்டு விழுந்துட்டான்னு ஊரே பேசிக்கினு இருந்தப்ப, அவ போன்ல, அவளே மறைஞ்சு நின்னு எடுத்த ஒரு வீடியோ இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. காய்ச்சல்ல கால் தள்ளாட இருசப்பன் ரோட்டோரமா ஒத்தையா நின்னு கத்தறான். அப்புறம் ஜீப் வருது. மாயவன் எறங்கறான். வெளி மாநிலத்துக்கு மரம் வெட்ட மலையிலேர்ந்து ஆள் ஏத்தி அனுப்பறவன் அவன். வரமாட்டேன்னு இருசப்பன் கையெடுத்துக் கும்பிடறான். மாயவன் ஒரு அறை விட்டு, சட்டையைப் புடிச்சு ஜீப்புல தூக்கிப் போடறான். அதுக்கு மூணாம் நாள்தான் டேம்ல பொணம்.

முழுசையும் பாத்தேன். வீடியோவைப் பென்டிரைவ்ல ஏத்தி, இருசப்பன்னே பேரு வெச்சு, நம்பர் எடுத்து, சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அதை வெச்சு வக்கீல் சிவசங்கர் மாயவன் மேல வழக்குப் போட்டாரு. சர்டிபிகேட் கோர்ட்டுக்குப் போயிடுச்சு. பென்டிரைவ் அவர் ஆபீஸ் டிராயர்ல கெடந்துச்சு. எங்கிட்ட காப்பி இல்ல. கஸ்டமர் ஃபைலை அன்னன்னைக்கே அழிச்சுடுவேன், அதுலயும் எனக்கு ஒரு பெருமை.

ரெண்டு மாசம் கழிச்சு இசைவாணி மறுபடி வந்தா. ஜாமீன்ல வந்த மாயவன் ஆளுங்க வூட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கினு போனைக் கேக்கறாங்களாம். ராத்திரி பகல் போறதே இல்லையாம். புள்ளைக்குப் பத்து வயசு, பயந்து நடுங்குதாம்.

"குடுத்துத் தொலை"ன்னேன். "உசுரு முக்கியம். பென்டிரைவ் வக்கீல்கிட்ட இருக்கு, நம்பர் கோர்ட்ல இருக்கு. எவன் கை வெச்சாலும் நம்பர் காட்டிக் குடுத்துடும்."

அவ என் மூஞ்சியையே பாத்தா. "நெசமாக்கா?"

"நான் எதுக்குடி பொய் சொல்றேன்?"

அவ போயி போனைக் குடுத்துட்டா.

சித்திரையில வழக்கு விசாரணைக்கு வந்துச்சு. நான் கூண்டேறி நம்பர் பொருந்துதுன்னு சொல்லணும். அதுக்காக மொத நாள் காலையில சிவசங்கர் பென்டிரைவை எடுத்துக்கினு இசைவாணியோட கடைக்கு வந்தாரு. புரோகிராமை ஓட்டினேன். அறுபத்துநாலும் அச்சு அசலா பொருந்துச்சு. எனக்கு வாயெல்லாம் பல்லு.

வீடியோவை ஓட்டினோம். இருசப்பன் தள்ளாடறான், கத்தறான். அதோட முடிஞ்சுது. நாப்பது செகண்டு.

"ஜீப்பு எங்கக்கா?"ன்னா இசைவாணி.

சிவசங்கர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "டிராயருக்குப் பூட்டு கிடையாதும்மா. ஆனா நம்பர் பொருந்துதே?"

அந்த ஜீப்பை நானும் என் ரெண்டு கண்ணால பாத்திருக்கேன். ஆனா இன்னா சொன்னேன் தெரியுமா? "நம்பர் தப்பாகாது சார். நாமதான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கோம் போல." சொல்லும்போதே நாக்கு கசந்துச்சு. பென்டிரைவை எங்கிட்ட விட்டுட்டு ரெண்டு பேரும் போயிட்டாங்க.

எனக்கு வேலையே ஓடல. ஒரு நோட்பேடைத் தொறந்தேன். ஒரு எழுத்துகூட அடிக்காம, வெறும் ஃபைலை இருசப்பன்னு அதே பேர்ல சேமிச்சு புரோகிராமுக்குள்ள விட்டேன். அதே அறுபத்துநாலு எழுத்து வந்துச்சு.

என் பத்து வரியை மறுபடி படிச்சேன். ஃபைலைத் தொறந்து உள்ள இருக்கறதைக் குடுக்கணும். நான் குடுத்தது ஃபைலோட பேரை மட்டும், வெறும் எழுத்தை. அதுக்குத்தான் அன்னைக்கு அது செவப்பு எழுத்துல கத்தியிருக்கு, நான் அதோட வாயை அடைச்சிருக்கேன். இருசப்பன்னு பேரு வெச்சு எந்தக் குப்பையைப் போட்டாலும் பொருந்தும். குடிகாரன் ஒருத்தன் தள்ளாடற மாதிரி நாப்பது செகண்டை வெட்டி வெச்சாலும் பொருந்தும். இந்த மாதிரி நாப்பத்திமூணு சர்டிபிகேட்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவமானத்துல அழுகையா வந்துச்சு.

மத்தியானம் மாயவன் கடைக்கு வந்தான். வெள்ளை வேட்டி, நெத்தியில விபூதி. ஆதாரை நீட்டி ஒரு ஜெராக்ஸ் கேட்டான்.

"நம்பர் பொருந்திடுச்சுன்னு கேள்விப்பட்டேன் மேடம். ரொம்ப சந்தோஷம்ங்க. நாளைக்கும் அதையே சொல்லிடுங்க."

குரலை ஒசத்தவே இல்ல. பேப்பரை நாலா மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கினு, படியில செருப்பைத் தேடிப் போட்டுக்கினு போனான்.

வாயை மூடிக்கினு இருந்தா கடை பொழைக்கும். இருசப்பன் குடிகாரனா சாவான், என் கையெழுத்தோட. யோசிச்சு யோசிச்சு தலை வலிச்சுது. சாயங்காலம் சிவசங்கருக்கும் இசைவாணிக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ திட்டுவான்னு பாத்தேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"போனைக் குடுக்கச் சொன்னியேக்கா"ன்னா. அவ்வளவுதான்.

மறுநாள் கோர்ட்ல மாயவனோட வக்கீல் கேட்டாரு, "நம்பர் பொருந்துதா?"

"பொருந்துதுங்க. ஆனா எதைப் போட்டாலும் பொருந்தும். நான் போட்டது தப்பு. வீடியோவை வெட்டியிருக்காங்க, முழுசையும் நான் என் கண்ணால பாத்தேன்."

"தப்பா சர்டிபிகேட் குடுக்கிறவங்க கண்ணு மட்டும் சரியா பாக்குமா?"ன்னாரு. நாலு பேரு சிரிச்சாங்க. நாப்பத்திமூணு சர்டிபிகேட்டுக்கும் பட்டியல் குடுக்கணும்னு ஜட்ஜம்மா சொன்னாங்க. வீடியோவைச் சாட்சியா எடுத்துக்கல. நேர்ல பாத்த இசைவாணியை இருபத்திநாலாம் தேதி விசாரிக்கிறதா வாய்தா போட்டாங்க.

நாலரை மணி வெள்ளிமலை பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிக்கினு போனேன். "இருபத்திநாலு வரைக்கும் எங்க வூட்ல இரு"ன்னு கெஞ்சினேன்.

"ஸ்கூல் விட்டுப் புள்ளை வந்திருக்கும்க்கா. தனியா இருக்கும்."

அவ பின்வாசல்ல ஏறி உக்காந்தா. முன்வாசல்ல மாயவன் ஏறினான். ஜீப் வெச்சிருக்கிறவனுக்கு டவுன் பஸ்ல இன்னா வேலை? ஜன்னல் வழியா என்னைப் பாத்து சிரிச்சான்.

"நீங்க உண்மையைத்தானே சொன்னீங்க மேடம். வருத்தப்படாதீங்க. இனிமே கோர்ட்டுக்கு இந்தப் பொண்ணு சொல்றது ஒண்ணுதான், இல்லீங்களா?"

எனக்கு அப்பதான் ஒறைச்சுது, நான் கோர்ட்ல இன்னா பண்ணிட்டு வந்திருக்கேன்னு. டிரைவர் வண்டியை எடுத்துட்டான். ஓடிப்போய் ஏறினேன். செருப்பு ஒண்ணு பஸ்ஸ்டாண்டுலயே விழுந்துடுச்சு. "வெள்ளிமலை ரெண்டு"ன்னு டிக்கெட் வாங்கிக்கினு இசைவாணி பக்கத்துல உக்காந்தேன். அவ என் கையைப் புடிச்சுக்கினா.

வடக்கனந்தல்ல பத்துப் பேரு எறங்கினாங்க. கச்சிராயபாளையத்துல பாதி பஸ் காலி. டேமைத் தாண்டி மலை ஏறும்போது நாங்க மூணு பேரும், மூட்டை மேல சாஞ்சு தூங்கற ஒரு கெழவரும்தான் மிச்சம். கண்டக்டர் டிரைவர் பக்கத்துல போயி பேசிக்கினு இருந்தாரு.

இசைவாணி என் காதுகிட்ட குனிஞ்சா. ஜீப் நம்பர், கலரு, அன்னைக்கு மணி எவ்வளவு, அறை எந்தக் கன்னத்துல விழுந்துச்சு, தம்பி கடைசியா இன்னா சொன்னான், எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொன்னா.

"இப்ப நீ சொல்லுக்கா. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

சொன்னேன். ரெண்டு எடத்துல திருத்தினா. மறுபடி சொன்னேன். வளைவுல பஸ் உறுமிக்கினு திரும்பினப்ப என் குரல் கொஞ்சம் ஒசந்துடுச்சு போல.

முன்சீட்ல மாயவன் திரும்பிப் பாக்கல. போனை எடுத்து யார்கிட்டயோ மெதுவா சொன்னான்.

"ஒருத்தி இல்லடா, ரெண்டு பேரு."