மூன்று மாதத்தில் வளர்ந்த கட்டி

தங்கமணிக்கு மாதவிடாய் நின்று நான்கு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. திருத்துறைப்பூண்டியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "சாதாரண நார்க்கட்டிதான். இந்த வயசுல தானா சுருங்கிடும்" என்று அனுப்பிவிட்டார்.

மூன்றே மாதத்தில் அடிவயிறு கல்லாக இறுகியது. குனிந்து களை பறிக்க முடியவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்தபோது கட்டி இரண்டு மடங்காகியிருந்தது.

"சின்னத் துளை போட்டு, துண்டு துண்டா வெட்டி எடுத்துடலாம். ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் அதே டாக்டர்.

"சுருங்கும்னு நீங்கதானே சொன்னீங்க? ஏன் வளருது?"

"எல்லாத்துக்கும் காரணம் கேட்டா எப்படிம்மா?"

வெளியே வந்ததும் கணவர் குணசேகரன் கடுகடுத்தார். "டாக்டரையே எதிர்த்துப் பேசுற. நடவு நேரம், சட்டுனு முடிச்சுக்கிட்டு வருவியா..."

"என் வயிறுங்க. காரணம் தெரியாம கத்தி வைக்க விடமாட்டேன்."

மறுநாள் தனியாகத் தஞ்சாவூர் பஸ் ஏறினாள். அங்கே பெரிய மருத்துவமனையில் டாக்டர் கவிப்ரியா கர்ப்பப்பையின் உள்சவ்வில் சதை எடுத்துச் சோதித்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது. தங்கமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணுமில்லாததா இவ்வளவு வேகமா வளரும்?"

"நீங்க கேக்கறது சரிதான். கோளாறு தசைக்குள்ள இருந்தா இந்தச் சோதனையில தப்பிடும்" என்று எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "புற்றா இருக்கலாம்மா. துண்டு துண்டா வெட்டினா வயித்துக்குள்ள சிதறிடும். கர்ப்பப்பையோட முழுசா எடுக்கணும்."

அப்படியே எடுத்தார்கள். லியோமயோசார்கோமா என்று முடிவு வந்தது. கர்ப்பப்பைத் தசையில் அபூர்வமாக வரும் புற்று. வெளியே பரவவில்லை, ஆனால் திரும்ப வரக்கூடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார் கவிப்ரியா. அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். ஆபரேஷனுக்குக் கூட வந்திருந்த குணசேகரன் வழியெல்லாம் அவள் கையை விடவில்லை.

ஆனாலும் வீட்டுக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் அவர், "சும்மா கட்டிதான்" என்றார்.

"கேன்சர்ங்க" என்றாள் தங்கமணி, எல்லோருக்கும் கேட்கும்படி. "நின்ன பிறகு ரத்தம் பட்டா யாரும் மறைக்காதீங்க."

மற்றவர்கள் போனபின் நாத்தனார் விஜயலட்சுமி மட்டும் தயங்கி நின்றாள். "அண்ணி, எனக்கும் நாலு மாசமா..."

தையல் ஆறாத வயிற்றைப் பிடித்தபடி தங்கமணி எழுந்தாள். "காலையில ஏழு மணி பஸ். உன் வீட்டுக்காரர்கிட்ட நான் பேசுறேன்."

விஜயலட்சுமிக்கு இருந்தது சாதாரணச் சதை வளர்ச்சி. எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வருடத்தில் தங்கமணி எட்டு ஸ்கேன் எடுத்துவிட்டாள். எதிலும் ஒன்றுமில்லை. ஒன்பதாவது, அறுவடை நாளில் வந்தது. "அடுத்த வாரம் போகலாமே" என்றார் குணசேகரன்.

"கதிர் ஒரு நாள் நிக்கட்டும்" என்று செருப்பை மாட்டினாள்.