காலை ஏழு மணி விரல்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை வந்த கோபம் முழுக்க என் மேலேயே.

நான் ஸ்ரீமதி. முப்பத்திரண்டு வயது. குன்னூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலை. நுரையீரல் நோய்களில் பிஎச்.டி. முடித்து இது நாலாவது வருடம். ஆரம்பநிலை ஆய்வாளர்களுக்கான ஒரு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்து, இறுதி நேர்காணல் வரை வந்திருந்தேன். கிடைத்தால் ஐந்து வருடம் சொந்த ஆய்வு, எனக்குக் கீழே இரண்டு மாணவர்கள், என் பெயரில் ஓர் ஆய்வகம். பட்டம் வாங்கி நாலு வருடம் தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது. இதை விட்டால் இல்லை. அருவங்காடு தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற அப்பா, "இதுவும் தட்டிப்போச்சுன்னா பேசாம ஏதாச்சும் காலேஜ்ல வாத்தியாரா சேந்துரு சாமி" என்று படிவமே வாங்கி வைத்திருந்தார்.

ஜெகதளா பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருநூறு தொழிலாளர்களின் விரலில் கிளிப் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஜனவரியில் பார்த்திருந்தேன். எண்பத்தொரு பேருக்குத் தொண்ணூறுக்கும் குறைவு. விறகடுப்புப் புகையும் பூச்சிமருந்தும்தான் காரணமாக இருக்கும் என்று எழுதினேன். என் விண்ணப்பம் நின்றதே அந்த எண்பத்தொன்றின் மேல்தான்.

நேர்காணலுக்குப் படம் எடுக்கலாமென்று புதன் மதியம் இலை எடை போடும் கொட்டகைக்குப் போனேன். இலை பறிக்கும் அஞ்சலையக்கா மூட்டையை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, எம்பத்தெட்டுன்னு சொல்லி எங்கூட்டுக்காரரைப் பயமுறுத்திப் போட்டீங்களே. ரெண்டு மாசமா அந்த மனுசன் என்னைத் தண்ணிக்கொடம் தூக்க விடறதில்லீங்க."

"நல்லதுதானேக்கா."

"நல்லதுதானுங்க, அதை நான் குறை சொல்லல. ஆனா இந்த மேட்டுல முப்பது கிலோவோட ஏறி வாறேன், மூச்சே வாங்கல. இன்னொருக்கா மாட்டிப் பாருங்க."

சிரித்துக்கொண்டே மாட்டினேன். தொண்ணூற்றேழு. கருவிதான் கோளாறு என்று இன்னொன்றை மாட்டினேன். அதிலும் தொண்ணூற்றேழு. அவர் விரலைத் தொட்டேன். வெயிலில் வேலை செய்து வந்த விரல், கதகதவென்று இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அளந்ததெல்லாம் காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில். இருநூறு பேரும் ஒரே இடத்தில் கிடைக்கும் நேரம் அதுதான். பனி கொட்டும் நேரமும் அதுதான். குளிரில் விரலுக்கு ரத்தம் சரியாக ஓடாது, கிளிப் குறைத்துக் காட்டும். முதல் வருட மாணவருக்குத் தெரிந்த விஷயம். இதே மலையில் பிறந்து, விறைத்த கையை அக்குளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன கழுதை, எனக்குத் தோன்றவில்லை.

வியாழனும் வெள்ளியும் அந்தக் கொட்டகையிலேயே கிடந்தேன். எண்பத்தொரு பேரில் எழுபத்தாறு பேர் கையில் சிக்கினார்கள். விரலைச் சூடாக்கி அளந்ததில், ஆறு பேருக்கு மட்டும் உண்மையிலேயே குறைவு.

வெள்ளி மாலையே என் வழிகாட்டி பாலகுமார் சாரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. எனக்காக எத்தனையோ சிபாரிசுக் கடிதம் எழுதியவர். கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"திங்கக்கெழம இன்டர்வியூ. இப்ப எதுக்கும்மா இதைக் கெளப்பறே? மொதல்ல ஃபெலோஷிப் கைக்கு வரட்டும். அப்பறமா நீயே புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி திருத்திக்கலாம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா சார்?"

"மறைக்க வேண்டாம், பேசாம இரு. பெரட்டுக்களத்துல அளக்கறது நான் சொல்லிக் குடுத்த வழி. நானே அப்படி அளந்து ரெண்டு பேப்பர் போட்டிருக்கேன். நீ அங்க போய்த் தப்புன்னு சொன்னா, அது யாரோட தப்பாகும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு பேரோடதும்தானுங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீறாப்பாக வந்தேனே தவிர, பஸ்ஸில் உட்கார்ந்ததும் கணக்குப் போட ஆரம்பித்தேன். வெறும் ஆறு பேரை வைத்துக்கொண்டு யாரிடம் போய் ஐந்து வருடம் கேட்பது? சார் சொன்னபடி வாயை மூடிக்கொண்டால்தான் என்ன என்று சனிக்கிழமை முழுக்க யோசித்தேன், வெட்கமில்லாமல். ஞாயிறு காலையில்தான் உறைத்தது: நான் சும்மா இருந்தால் அந்த ஆறு பேரும் எண்பத்தொரு பேர் கூட்டத்தில் காணாமல் போவார்கள். அதற்குப் பிறகு பயமில்லை. ஸ்லைடுகளை மாற்ற உட்கார்ந்தேன்.

திங்களன்று கணினித் திரையில் நேர்காணல் குழுவினர் ஐந்து பேர். முதல் ஸ்லைடிலேயே எண்பத்தொன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஆறு என்று போட்டிருந்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் நாங்கள் எதற்கு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நானும் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். மலைக் குளிரில் இந்தக் கிளிப்பை நம்பினால், நன்றாக இருப்பவரைப் பதறிப்போய்க் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவோம். நம்பாவிட்டால், நிஜமாகவே மூச்சு குறைந்தவரைக் குளிர்தானே என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இரண்டையும் பிரித்தறிய எளிதான ஒரு வழி வேண்டும். அதை என்னைவிட நன்றாகச் செய்ய இப்போதைக்கு ஆள் கிடையாது, ஏனென்றால் இந்தத் தப்பை ஒழுங்காக இருநூறு தடவை செய்தவள் நான்.

யாரும் சிரிக்கவில்லை. நன்றி என்றார்கள், திரை அணைந்தது.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. தேர்வாகியிருந்தேன். நான் போட்ட கூச்சலில் பாலகுமார் சார் அறையிலிருந்து ஓடி வந்தார். "சாதிச்சுட்டியேம்மா" என்று மனசாரச் சொன்னார், கண் கலங்கியிருந்தது. மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளும் கூடவே வந்திருந்தன. அவரே என் கணினியில் சத்தமாகப் படித்தார். மூன்றாவது குறிப்பில் குரல் இறங்கியது. நேர்காணலுக்கு ஒரு வாரம் முந்தைய தேதி போட்டிருந்தது.

"அளவுகள் குளிர்காலத்தில், அதிகாலையில், திறந்தவெளியில் எடுக்கப்பட்டவை. குளிர்ந்த விரல்களால் வந்த பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நேர்காணலில் விண்ணப்பதாரர் தானாக இதைச் சொன்னால் பரிந்துரைக்கிறேன். சொல்லாவிட்டால் வேண்டாம்."

எட்டிப் பார்த்து அந்தத் தேதியை நானும் படித்தேன். சார் அந்த வரிகளை இன்னொரு முறை, சத்தமில்லாமல் படித்தார்.

"அவங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு" என்றார்.

"ஆமாங்க சார். நமக்கும் தெரிஞ்சுதானே இருந்துச்சு."