பழைய நிறுத்து

கொழுந்தனுக்கு அண்ணியைப் பிடிக்காது. அதைவிட அண்ணியின் ஃபோர்த் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பிடிக்காது. பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ்ஸை ஓட்டுவது அவள் அந்த மொழியில் எழுதிய புரோகிராம்தான். நாலு பேருக்குக்கூடத் தெரியாத மொழி என்று, மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவன் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தான். அவளும் சும்மா விடவில்லை. பட்டனை அமுக்கத் தெரிந்தவனெல்லாம் மேலாளர் என்று அவன் காதுபடவே சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்குச் சோதனை. பிரஸ்ஸின் வாய்க்குக் குறுக்கே ஓர் ஒளிக்கதிர் ஓடும். கை அதை மறித்த கணமே எந்திரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேறு கம்பெனியின் கன்ட்ரோல் பெட்டி வரும், அண்ணி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டான்.

புரோகிராமில் 'நிறுத்து' என்று ஒரு சொல் உண்டு; பழைய 'நிறுத்து', பிரஸ் இறங்கத் தொடங்கிய அடியை முடித்த பிறகுதான் அதை நிறுத்தும். காலையில் அதை மாற்றினாள். அந்த மொழியின் சுகமே அதுதான். எந்திரம் ஓடும்போதே ஒரு சொல்லுக்குப் புது வேலை கற்றுக்கொடுக்கலாம். 'இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது' என்று திரையில் ஒரு வரி வந்தது. அது எப்போதும் முணுமுணுப்பதுதான். 'நிறுத்து' என்று தட்டிப் பார்த்தாள். பிரஸ் பாதியில் அப்படியே நின்றது. போதும் என்று மறுபடி ஓடவிட்டாள்.

சோதனைக்கு ஃபிட்டர் ஒரு மரக்கட்டை கொண்டுவந்தார். கொழுந்தன் அதைத் தட்டிவிட்டான்.

"கட்டை எதுக்கு? அண்ணி சாமர்த்தியத்துக்கு என் கையே போதும். என்ன அண்ணி, வைக்கட்டுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"தாராளமா வைங்க. அப்பவாவது வாய் குறையுதான்னு பாப்போம்."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் திரையைப் பார்த்தாள். அந்த வரி இன்னும் அங்கேயே இருந்தது. ஏற்கெனவே இருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. புது 'நிறுத்து' அவள் கையால் தட்டினால்தான் வேலை செய்யும். ஒளிக்கதிரைக் காவல் காக்கும் புரோகிராம் பகுதியைப் பழையதை வைத்துக் கட்டியிருந்தாள். மொத்தத்தையும் முதலிலிருந்து ஏற்றும்வரை அது பழையதைத்தான் கூப்பிடும். ஃபோர்த் படிக்கிறவனுக்கு முதல் வாரமே சொல்லித்தரும் விஷயம். கோபத்தில் புத்தி மேயப் போயிருந்தது.

"தம்பி, வேண்டாம்!"

"இப்ப மட்டும் என்ன தம்பி?" என்று அவன் கையை நீட்டினான்.

ஒரே பாய்ச்சலில் மெயின் சுவிட்சை இழுத்தாள். பிரேக் கிறீச்சிட்டுப் பிடித்தது. பட்டறையே அடங்கிப்போனது.

"பயந்துட்டீங்களா அண்ணி?"

கரண்ட் தகராறு என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாளைக்கு அதே இடத்தில் ஃபிட்டரின் கை இருக்கும்.

"பழைய நிறுத்துதான் இன்னும் ஓடுது. வெச்சிருந்தா கை போயிருக்கும். தப்பு என்னோடது."

"எல்லாரும் கேட்டீங்கல்ல? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க." கொழுந்தன் வாசலைக் காட்டினான்.

அந்தக் கையால்தான் காட்டினான். ஐந்து விரலும் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் வெளியே போனாள்.