சீட்டு இல்லாத தட்டான்கள்

அக்கா வந்தபோதே முகம் சரியில்லை.

"நாளைக்குக் காலைல விசாரணை. அந்தத் தட்டானைக் காட்டுடி. அது எங்க சதுப்புல இருந்ததுன்னு நிரூபிச்சிட்டா மண்ணு கொட்ட விடமாட்டாங்க."

சதுப்பை மேடாக்கினால் மழைத் தண்ணீர் நேராக அக்கா வீட்டுக்குள்தான் வரும். இப்போது போய்த் தேடவும் வழியில்லை. மஞ்சள் கோடு போட்ட அந்த அரிய வகைத் தட்டான் மழைக்குப் பிறகுதான் பறக்கும்.

அருங்காட்சியகத்தின் பூச்சி அறை என் பொறுப்பு. செத்த பூச்சிக்குக் காவல்காரி என்பார் மாமியார். தட்டான் பெட்டியைத் திறந்தேன். புழு தின்று தீர்த்திருந்தது. வெறும் ஊசிகள், அடியில் பொடி. ஒவ்வொரு ஊசியிலும், பிடித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டு மட்டும் பத்திரமாக இருந்தது.

"இதோ, எங்க சதுப்பு பேரு இருக்கே!" என்றாள் அக்கா.

"உடம்பு எங்கக்கா? ரெண்டு வகையும் கலந்து வச்சிருந்த பெட்டி இது. இந்த ஊசில இருந்தது மஞ்சக் கோடா, சாதாவான்னு கேப்பாங்களே."

"ஃபோட்டோ எடுத்தீங்கல்ல?"

எடுத்தோம். போன வருடம் அறை முழுவதையும் கணினியில் ஏற்றினோம். சீட்டு பூச்சிக்கு அடியில் இருக்கும். படத்தில் தெரிய வேண்டுமானால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பூச்சியை முதலில் எடுங்கள், சீட்டை அப்புறம் பார்க்கலாம் என்றார் மேலதிகாரி. அந்த அப்புறம் வரவே இல்லை. பிறகு புதுப் பெட்டிக்கு மாற்றியதில் ஊசிகளின் வரிசையும் போயிற்று.

படங்களைத் திறந்தேன். இறக்கை நரம்பை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. சிலவற்றில் மஞ்சள் கோடு, சிலவற்றில் இல்லை. எது எந்த இடத்தில் பிடித்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

அக்கா என் கையைப் பிடித்தாள். "கோடு இருக்கற படம் ஒண்ணை இந்தச் சீட்டோட சேர்த்துடு. யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்றைப் பொய்யாகச் சேர்த்துவிட்டால் இந்த அறையின் மற்ற சீட்டுகளை நானே எப்படி நம்புவேன்? அக்காவின் பிள்ளைகள் அந்த வீட்டில்தான் தூங்குகிறார்கள் என்பதும் நினைவில் இருந்தது.

"முடியாதுக்கா."

"செத்த பூச்சிக்கு இருக்கற மரியாதைகூட எனக்கு இல்ல, இல்லையா?" என்று கையை உதறினாள்.

மறுநாள் விசாரணையில் சீட்டோடு அந்த ஊசியையும் எல்லாப் படங்களையும் கொடுத்தேன். அதிகாரி ஒவ்வொன்றையும் ரசித்துப் பார்த்தார்.

"ரொம்ப அழகா எடுத்திருக்கீங்க. இதுல எதும்மா அங்க பிடிச்சது?"

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது சார்" என்றேன்.

மத்தியானமே மண் லாரிகள் வந்துவிட்டன.