கம்பி கட்டிய தாடை

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்பவனை எல்லோரும் 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்தாலும் அவன் வாய் ஓயாது. ஞாயிறு காலைகளில் அவனோடு சைக்கிள் மிதிக்கும் கண்ணாடிக்கடைக்காரனுக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அது பழகிப்போயிருந்தது. அவன் பேசுவான், இவர்கள் மிதிப்பார்கள்.

அன்றும் பேசிக்கொண்டேதான் போனான். பாலத்துச் சரிவில் இறங்கும்போது, பின்னால் வருகிறவர்களுக்குக் கதையின் முக்கியமான இடம் கேட்காமல் போய்விடுமே என்று தலையைத் திருப்பினான். முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதியது. மோவாய் தரையில் அடித்துத் தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டு, ஐந்து வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

"வாந்தி வந்தா ஆபத்து. கம்பிய வெட்ட ஒரு கட்டர் எப்பவும் பக்கத்துல இருக்கணும்."

மெக்கானிக் தன் பையிலிருந்தே ஒரு கட்டரை எடுத்து, துடைத்து, கட்டில் தலைமாட்டில் வைத்தான்.

மைக் தன் அக்கா வீட்டில் இருந்தான். அக்கா காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். நண்பர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். மத்தியானம் கண்ணாடிக்கடைக்காரன் வந்து சூப்பை வடிகட்டி, உறிஞ்சுகுழாய் போட்டுக் கொடுப்பான். மூன்று மணிக்கு மெக்கானிக் வருவான்.

வந்தார்களே தவிர, பேச்சு வரவில்லை. கண்ணாடிக்கடைக்காரன் மைக்கின் மூக்குக்கண்ணாடியை வாங்கித் துடைத்து, திருகை முடுக்கினான். மறுநாளும் முடுக்கினான். மெக்கானிக் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டான். வீட்டில் கீல் தீர்ந்ததும் சும்மா உட்கார்ந்தான்.

மைக் நோட்டில் எழுதிக் காட்டினான்: 'ஏதாவது பேசித் தொலைங்கடா.'

"என்னத்தப் பேசறது?" என்றான் மெக்கானிக். அவன் உண்மையாகவே யோசித்தான்.

மூன்றாவது வாரம் மெக்கானிக் நீட்டிய டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. மைக் அதைப் பார்த்தான். 'கை ஏன் ஆடுது?'

"போன வருஷம் லிஃப்ட் குழியில வேல பாத்துட்டிருந்தேன். மேல எவனோ சுவிட்சப் போட்டுட்டான். லிஃப்ட் தலைக்கு மேல ஒரு முழத்துல வந்து நின்னுச்சு. அதுலேர்ந்து குழியில எறங்கினா ஆடும். இப்ப எறங்காமலே ஆடுது. ஸ்டோர் ரூமுக்கு மாத்திட்டாங்க."

'எங்கிட்ட சொல்லவே இல்ல?'

"மூணு தடவ ஆரம்பிச்சேன். லிஃப்டுன்னு நான் வாயெடுத்ததும் நீ ஒரு லிஃப்ட் கதய எடுத்து விட்ட. நல்ல கததான். நானும் சிரிச்சேன்."

குரலில் கோபமில்லை. மைக் இரண்டு வரி எழுதினான், அடித்தான். நோட்டை மூடி வைத்துவிட்டு மேலே சொல் என்று கையைக் காட்டினான். அக்கா வரும்வரை மெக்கானிக் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மைக் இதைக் கண்ணாடிக்கடைக்காரனுக்கு எழுதிக் காட்டினான்.

"தெரியும். டாக்டர்கிட்ட நான்தானே கூட்டிட்டுப் போறேன், வருஷம் ஒண்ணாச்சு" என்றான் அவன், சூப்பை வடிகட்டிக்கொண்டே.

தாடையைவிட இதுதான் மைக்குக்கு வலித்தது. அன்று சூப்பைப் பாதிக்கு மேல் குடிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் முடிந்து கம்பியை எடுத்தார்கள். வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. அந்த இடுக்கு அவனுக்குப் போதுமானதாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், கூட வந்த நண்பர்களிடம் மருத்துவரின் கையுறை நாற்றம், பக்கத்து நாற்காலிக்காரரின் அலறல் என்று ஆரம்பித்துவிட்டான். இருவரும் சிரித்தார்கள்.

"நேத்து…" என்றான் மெக்கானிக்.

மைக் அடுத்த வாக்கியத்தில் பாதி தூரம் போயிருந்தான். நிறுத்தினான்.

"நேத்து என்ன?"

"குழியில எறங்கினேன். கூட ஒரு ஆள் நின்னாரு."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் என்றதும் மைக்குக்கு ஒரு கதை நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். தாடை சுரீரென்றது.

"கை ஆடுச்சா?"

"ஆடுச்சு."

"அப்புறம்?"

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் யோசித்தான். மைக் காத்திருந்தான்.